இடம் மாறிய அல்லிப்பூ

தாவர ஆய்வகத்து அலமாரியில் அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டியிருந்த குள்ள அல்லிகள் எல்லாம் மழை ஓய்ந்த ஒரு காலையில் பூத்தன. காய்ந்து சருகாகிப் பல வருஷம் ஆனவை, ஒன்றும் நடக்காததுபோல் இதழ் விரித்துச் சொட்டச் சொட்ட நின்றன. இயக்குநர் கீழே வாளி வைக்கச் சொன்னார். பெருக்குகிற அம்மா தரை வழுக்குகிறது என்று முணுமுணுத்தார். சீக்கிரமே எல்லோருக்கும் பழகிவிட்டது.

பழகாதவர் ஒருவர்தான். அல்லி டாக்டர் என்று எல்லோரும் அழைத்த ஆய்வாளர். உள்ளங்கையில் அடங்குகிற அல்லிகளை இலைப்பிளவையும் காம்பின் மயிரையும் பார்த்து இனம் பிரிப்பதிலேயே தலை நரைத்தவர். அவர் கண்டுபிடித்த புது இனத்தின் தாளிலிருந்த பூ மட்டும் தினமும் காலையில் காணாமல் போனது. பக்கத்து உறையில், சாதாரணக் குள்ள அல்லியின் தாளில், தன் பழைய காம்பில் போய் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து வந்ததுதானே அது. அவர் குளத்திலிருந்து கொண்டுவந்த செடியில் இலை இருந்தது, பூ இல்லை. பூவைக் காட்டாமல் புது இனம் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? பக்கத்துத் தாளில் உதிர்ந்து கிடந்ததை எடுத்து ஒட்டிவிட்டார். அந்த இல்லாத இனத்துக்கு மனைவியின் பெயரை வேறு வைத்தார். அன்றிலிருந்து அந்த அம்மாள் காய்கறிக்கடையில்கூட நிமிர்ந்துதான் நின்றார்.

மற்றவர்கள் வருமுன் ஓடிவந்து, பூவைப் பிடுங்கிப் பசை தடவி ஒட்டுவதே டாக்டரின் வேலையாயிற்று. ஈரப் பூவில் எந்தப் பசை நிற்கும்? வருஷங்கள் இப்படியே போயின. வீட்டுக்கு வந்தவர்களிடம் மனைவி "என் பேர்ல ஒரு அல்லி இருக்கு" என்று தொடங்கினால் போதும், அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார்.

"அப்ப என் பேரை அழிச்சிடுவாங்களா?"

"அழிக்க மாட்டாங்க. எங்க துறையில ஒரு தடவை வச்ச பேரு போகவே போகாது. சரியான பேருக்குக் கீழ, இது தப்புன்னு போட்டு எல்லாப் புத்தகத்துலயும் அச்சடிப்பாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"அல்லின்னு ஒண்ணு இருக்கற வரைக்கும்."

மறுநாள் மனைவியும் கூடவே ஆய்வகத்துக்கு வந்தார். இயக்குநர் முன்னால், எல்லோரும் பார்க்க, இது புது இனமல்ல, பூ பக்கத்துத் தாளுடையது என்று டாக்டர் திருத்தச் சீட்டை எழுதினார். அதைத் தாளில் ஒட்டியது மனைவிதான். பக்கத்து உறையைத் திறக்கச் சொல்லி அந்தப் பூவையும் ஒருமுறை பார்த்தார். "அழகாத்தான் இருக்கு," என்றார். பிறகு கணவருக்காகக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தார்.

பூ அதன்பின் நகரவில்லை. காய்ந்த தாளில் பூக்கிற அல்லியைப் பார்க்க இப்போதும் ஆட்கள் வருகிறார்கள், திருத்தச் சீட்டையும் படிக்கிறார்கள். இது யார் பெயர் என்று கேட்டால், என் மனைவியுடையது என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.