முழு பலத்தோடு மிதிக்கவும்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். என் மனைவியின் பிரேக் பெடலைப் பற்றி எழுதப் போகிறேன். அவள் டவுன் பஸ் ஓட்டுகிறாள். ஆனால் இது பஸ்ஸில் இருக்கும் பெடல் இல்லை. வீட்டில், கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் கிடக்கிற பெடல். ஸ்டியரிங்கைப் பிடித்து, காலால் மிதித்து, முகம் தெரியாதவர்களோடு திரையில் கார் பந்தயம் விடுவது அவளுடைய பொழுதுபோக்கு. கதை எழுதுவது என்னுடையது. பிழைப்புக்கு நான் வாஷிங் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறேன்.*

வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அவளுடைய பந்தயமும் என் கதையும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன. எழுத ஆரம்பித்தபோது இதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

* 'ஈரக் கையால் தொட வேண்டாம்' என்று எங்காவது படித்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே என் வாசகர்தான். பாராட்டி ஒருவரும் கடிதம் போட்டதில்லை.

2

முதல் தொடக்கம்: 'பல் டாக்டர் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோதே அவர் கண்களில் ஒரு

ஒரு என்ன? அவர் கண்களில் ஒன்றும் இல்லை. கண்ணாடிதான் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: 'பெண்ணின் மனம் என்பது

இதை முடிக்காமல் விட்டதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது: 'பிரேக் பெடலிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றினால் என்ன ஆகும்?' இது பரவாயில்லை. கையேடு எழுதுகிறவனுக்கு இப்படித்தான் வரும், இதையே வைத்துக்கொள்கிறேன்.

கடையில் வாங்கிய பெடலில் பிரேக்குக்குப் பின்னால் ஒரு நோஞ்சான் ஸ்பிரிங் இருக்கும். மிதித்தால் தலையணையில் கால் வைத்ததுபோல் உள்ளே போகும். பெடல் எவ்வளவு தூரம் போனது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். நிஜ பிரேக் அப்படி இல்லையாம். அதில் கால் அதிகம் நகராது, அழுத்தம்தான் ஏறும். என் மனைவியின் பந்தயக் குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். பக்கத்துத் தெருவில்தான் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கெட்டி ரப்பர் துண்டுகளை அடுக்கி, அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்றையும் பொருத்தினார்.

[ஸ்பிரிங்கக் கழட்டினது நான். சென்சார் மாட்டினதும் நான். அவர் டார்ச் பிடிச்சார்.]

இந்த அடைப்புக்குறி என்னுடையது இல்லை. மறுநாள் கோப்பைத் திறந்தபோது இருந்தது. என் மனைவி படித்திருக்கிறாள். படித்துவிட்டு, பல் டாக்டரின் கண்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டார்ச்சைப் பற்றித் திருத்தம் போட்டிருக்கிறாள். அதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழித்தால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடும். இருக்கட்டும்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் டீ எடுத்துக்கொண்டு போன இடத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அன்று இருந்த வேலை அதுதான். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் சாக்ஸ் காலோடு தரையில் படுத்து, தலையை மேசைக்கு அடியில் விட்டிருந்தார்.

"மிதிங்க. இன்னும். வலிச்சா கையத் தூக்குங்க."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். "மன்னிச்சுக்கங்க, வாய் தானா சொல்லிடுது" என்றார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. டம்ளரை வைக்க இடம் இல்லை. மேசை முழுக்க ரப்பர்.

"சார் விளையாட மாட்டீங்களா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"நான் எழுதுவேன்."

"ஆமா, சொன்னாங்க. மிக்ஸி."

(இந்த இடத்தில் பல் டாக்டருக்கு வாய் நாற்றம் என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அவர் பக்கத்தில் புதினா வாசனைதான் அடித்தது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.)

பிறகு அவர் அவளிடம் கேட்டார்: "எங்க இறுக்கம் வேணும் உங்களுக்கு? மிதிக்க ஆரம்பிக்கும்போதா, கடைசியிலயா?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள்.

"கடைசியில டாக்டர். நாள் முழுக்க நான் பூ மாதிரி மிதிக்கிறேன். பஸ்ல நிக்கிறவங்க ஒருத்தரும் தடுமாறக் கூடாது. ஒவ்வொரு ஸ்டாப்லயும் அதே மாதிரி, அதே மாதிரி. வீட்லயாவது முழுசா மிதிச்சா அது தாங்கணும்."

இத்தனை வருடம் அவளோடு குடித்தனம் பண்ணுகிறேன். இதை இரண்டு டம்ளர் டீயோடு நின்றுகொண்டு, இன்னொருவருக்குச் சொல்லும்போது கேட்டேன். அவர் கேட்டார், அவள் சொன்னாள், அவ்வளவுதான் நடந்தது. நான் கேட்டதில்லை. பொறாமை என்றால் இதுதான், வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

போகும்போது வாசலில் பல் டாக்டர் சொன்னார்: "அப்ப சனிக்கிழமை என் கார்லயே போயிடலாம்." அவர்களுடைய குழு இறுதிப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. வேறு ஊரில் பெரிய ஹாலில் எல்லோரும் நேரில் உட்கார்ந்து ஓட்டுவார்களாம். என்னை அவள் வரச் சொல்லவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. சனிக்கிழமை அவள் அந்தக் காரில் ஏறிப் போனால் எனக்கு மிஞ்சப்போவது என்ன என்ற பயம்தான் இந்தக் கதையை எழுத வைக்கிறது.

4

இனி குற்றம். செய்தது நான்தான்.

அவள் பஸ் ஓட்டப் போயிருந்தபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் பிரேக்குக்கு ஒரு பட்டை இருக்கிறது. மிதித்தால் ஏறும். இந்த மாதிரிப் பெடலை முதலில் பழக்கும்போது 'முழு பலத்தோடு மிதிக்கவும்' என்று கேட்கும். அன்று யார் மிதித்தார்களோ, அவர்கள் பலத்தையே நூறு என்று பதிந்துகொள்ளும். நான் மிதித்தேன். பட்டை பாதியைத் தாண்டி நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். அங்கேயே நின்றது.

ஆக, என்னைவிடப் பலமான ஒரு கால் இதை மிதித்திருக்கிறது. அது யாருடையது என்று சொல்லத் துப்பறிவாளன் தேவையா? பல் டாக்டர் காலையில் ஓடுகிறவர். கெண்டைக்கால் ஒவ்வொன்றும்

[நாற்காலி சக்கரத்தப் பூட்டியிருக்க மாட்ட. மிதிக்க மிதிக்க நாற்காலி பின்னால போயிருக்கும்.]

இதுவும் அவள்தான். பார்த்தேன், உண்மை. சக்கரங்களைப் பூட்டாமல் நான் மிதித்த மிதியில் பாதி என்னைத்தான் பின்னால் தள்ளியிருக்கிறது. பூட்டிவிட்டு மறுபடி மிதித்தேன். முக்கால் வந்தது. முழுதாக வரவில்லை.

என் மச்சானுக்குப் போன் போட்டேன். அவளுடைய தம்பி. சுற்றி வளைத்து, "உங்க அக்காவுக்குக் கால் பலம் எப்படி?" என்று கேட்டேன்.

"மாமா, அவ பஸ் ஓட்டுறா" என்றான். "இப்ப என்ன, உதச்சிட்டாளா?"

வைத்துவிட்டேன்.

முழு பலத்தோடு மிதித்தவன் யார் என்று இந்தப் பகுதியின் அடியில் பச்சையாகவே கேட்டு வைத்தேன். பேரைத்தான் போடவில்லை. பிறகு அடைப்புக்குறிக்காகக் காத்திருந்தேன். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை.

5

சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"நாலாவது பகுதி படிச்சேன்."

"நீ அதுல ஒண்ணும் எழுதலயே."

"திருத்த ஒண்ணும் இல்ல. முக்கால்தான் வரும். சரியாத்தான் எழுதியிருக்க."

"அப்ப மிதிச்சது யாரு?"

"இதக் கேக்க ஒரு கதை எழுதணுமா?"

ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

"நான்தான்" என்றாள். "முழு பலமும் வரணும்னா யார் மேலயாவது இருக்கிற கோவத்த நெனச்சுக்கங்கன்னு டாக்டர் சொன்னார். அவர் வீட்டுக்காரர நெனச்சுப்பாராம். வாடகைய ஏத்திட்டே போறார்னு."

"நீ?"

"உன்ன."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கெண்டைக்கால் ஒழிந்ததே என்றுதான் இருந்தது. அந்த நிம்மதி ஒரு வாய்ச் சோற்றுக்குக்கூடத் தாங்கவில்லை. அவளுக்கு என் மேல் எவ்வளவு கோபம் என்று எனக்கு முன்னால் அந்த ஆள் பார்த்திருக்கிறார். பட்டை ஏறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்.

"அவர் என்ன சொன்னார்?"

"ரப்பர் இன்னும் கெட்டியா வேணும்னார்."

"என் மேல என்ன கோவம்?"

"ரெண்டு வருஷமா உன் முதுகுக்குப் பின்னால உக்காந்து ஓட்டுறேன். ஒரு பந்தயம் திரும்பிப் பாத்தியா? ஜெயிச்சியா தோத்தியான்னு கேட்டியா? எவன் மிதிச்சான்னு பாக்கணும்னதும் மட்டும் அந்த நாற்காலியில உக்காந்திருக்க."

மிக்ஸிக் கையேட்டில் 'பழுது ஏற்பட்டால்' என்று ஒரு பக்கம் எழுதுவேன். அதில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், இணைப்பைத் துண்டிக்கவும்.

எழுந்து போகும்போது சொன்னாள்: "சனிக்கிழமை கார்ல பின் சீட் காலியா இருக்கு. உன்னக் கூப்பிடலாமான்னு டாக்டர் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லல. நீ கதைய முடி, படிச்சிட்டுச் சொல்றேன்."

6

ஆக முடிவு எழுத வேண்டும். இப்படி ஒரு வாசகருக்காக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

முடிவு ஒன்று: 'போகிற வழியில் பல் டாக்டருக்குப் பல் வலி வந்தது. சாதாரண வலி இல்லை.' ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். இந்தக் கதையிலேயே நான் ரசித்து எழுதிய பக்கம் அதுதான்.

[அவருக்கு வலி வந்தா நான் காரை ஓட்டிட்டுப் போவேன்.]

முடிவு இரண்டு: 'அவன் கண்ணீர் மல்க அவள் கைகளைப் பற்றினான். அன்றிலிருந்து ஒரு பந்தயம் விடாமல் அவன்

[பொய்.]

முடிவு மூன்று: அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொள்கிறான். எல்லோரும் சுமுகமாகப் போகிறார்கள். இதில் ஒரு சிக்கல். பின் சீட்டில் உட்கார்ந்தால் வழி முழுக்க முன்னால் இரண்டு தலைகள் பேசிக்கொண்டே போவது தெரியும். ஊர் போய்ச் சேர்வதற்குள் அவன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். அதை அவள் பார்ப்பதற்கு முன்பே அழித்துவிட்டேன்.

7

முடிவில்லாமல்தான் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். அவள் வண்டியை விட்டுவிட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டே இதைப் போனில் தட்டுகிறேன். விசைப்பலகைச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். வரவில்லை. கூப்பிட்டாள்.

"இங்க வா."

"என்ன?"

"நாற்காலியில உக்காரு. சக்கரத்தப் பூட்டிட்டேன். ஒரு தடவ மிதி."

"எதுக்கு?"

"என் கோவந்தான் அதுல நூறு. நீ எவ்வளவு வர்றன்னு பாக்கணும்."

"சனிக்கிழமை?"

"மொதல்ல மிதி."

"யார நெனச்சு மிதிக்கணும்?"

"அது உன் இஷ்டம். நான் கேக்க மாட்டேன்."

அடுப்பை அணைத்துவிட்டேன். அன்று மிதித்தபோது பட்டையைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை, முக்கால் வந்தது. இப்போது பல் டாக்டரை நினைத்து மிதித்தால் நிரம்பி வழிந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளை நினைத்து மிதித்தால் எவ்வளவு வரும் என்று தெரியவில்லை. கேட்க மாட்டேன் என்றாளே தவிர, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். பட்டை எதுவரை ஏறியது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் யாரை நினைத்து என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.