பெண்கள் வெளிய போக ஒரு இடம்

பவுண்டுத் திடலில் ரேடியோ பார்க் வரப்போகிறது என்று தண்டோரா போட்டதிலிருந்து தெருவில் ஆண்பிள்ளைகள் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. முன்னே தெருவில் திரிந்த மாடுகளைப் பிடித்து அடைத்துவைத்த இடம் அது. பவுண்டை ஊருக்கு வெளியே மாற்றிய பிறகு மாடும் போயிற்று, மதிலும் போயிற்று. ஆள் உயரத்துக்குக் கருவேல முள் மண்டிக் கிடந்தது. முனிசிபாலிட்டிக்காரர்கள் அதைக் 'காலி இடம்' என்றார்கள். காலியாம்! கோழி கூவுமுன்னும் விளக்கு வைத்த பின்னும் சொம்பும் கையுமாக அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் போய் வந்தது எங்கேயாம்?

செல்வமேரியின் புருஷன் சவரியார் மில்லில் தறி ஓட்டுகிறவர். "செய்தி கேக்கலாம், நாடகம் கேக்கலாம், சாயங்காலமானா ஓமலூர்க்காரனே பஸ் ஏறி வருவான் பாரு!" என்று ஒரே குதி. செல்வமேரிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் மரியபுஷ்பம் பெரியவளானதிலிருந்து பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தாள். குடித்தால் எங்கே போவது? போன மாதம் அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாகச் சுருண்டு படுத்தவளைப் பார்த்து, "நிறையத் தண்ணி குடிக்கணும். அடக்கி வெச்சா உள்ளே கெட்டு உயிருக்கே வந்துரும்" என்று லேடி டாக்டர் திட்டி அனுப்பினாள். இருக்கிற முள் மறைவும் போய்விட்டால் இந்தப் பெண் தண்ணீரைக் கண்ணாலும் பார்க்கமாட்டாள்.

பொதுமக்கள் அபிப்பிராயம் சொல்லலாம் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பெஞ்சுகளில் ஆண்கள், பெண்களுக்குத் தாழ்வாரம். ஆண்கள் எல்லாரும் ரேடியோவை எங்கே வைப்பது என்பதிலேயே சண்டை பிடித்தார்கள். கடைசியில், "தாய்மார்கள் ஏதாவது சொல்ல விரும்பினால்..." என்றார் முனிசிபல் கமிஷனர். செல்வமேரி எழுந்தாள். வீட்டில் நன்றாகத்தான் சொல்லிப் பார்த்திருந்தாள். முன்வரிசையில் கோயில் உபதேசியார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஐயா, பொம்பளைங்க வெளிய போக எடம் வேணுங்க."

'வெளிக்கு' என்று சொல்லியிருந்தால் பச்சைப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். அந்த 'க்கு'வை வெட்கம் விழுங்கிவிட்டது. கமிஷனர் தலையாட்ட, குமாஸ்தா எழுதி உரக்க வாசித்தான்: "மாதர்கள் வெளியே சென்று உலாவிக் காற்று வாங்க இடம் கோருவதால், பூங்காவில் மாதர்களுக்கெனத் தனியாக சிமெண்டு பெஞ்சு அமைக்கப்படும்." ஆண்கள் கை தட்டினார்கள்.

பக்கத்து வீட்டு பஷீரா வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து செல்வமேரியின் தொடையைக் கிள்ளினாள். "அல்லாவே! ஏண்டி மேரி, பெஞ்சு மேல உக்காந்தா போகச் சொல்றாங்க?"

அன்றைக்கு வீட்டில் செல்வமேரி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன கேட்டேன்னு உங்களுக்குமா தெரியலே?"

"தெரியாம என்ன? சபையில அதை எப்படிடி வாய் விட்டுச் சொல்றது?" என்றார் சவரியார், தலையைச் சொறிந்துகொண்டு.

தெரிந்தேதான் கை தட்டியிருக்கிறார்கள்! அவளுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. மறுநாளே பஷீராவும் அவளுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். "பார்க்குக்குக் கல்லு நடற அன்னிக்குச் சொம்பை எடுத்துக்கிட்டு வாங்க. அதே சொம்பு. வெயில் நல்லா ஏறுனப்பறம்." சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். "எம் மாமியாளுக்குத் தெரிஞ்சா கொன்னுபோடுவா" என்றாள் ஒருத்தி. உள்ளேயிருந்து அந்த மாமியாள், "எனக்கும் ஒரு சொம்பு எடுத்து வைடி" என்றாள்.

அஸ்திவாரக் கல் நடுகிற நாளில் முள்ளில் ஒரு மூலையை வெட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் கொட்டியது. சேர்மன் மாலையும் கழுத்துமாகக் கொத்தனாரிடமிருந்து கரணையைக் கையில் வாங்குகிற நேரத்தில், தெரு முனையிலிருந்து பெண்கள் வந்தார்கள், பட்டப்பகலில், ஆளுக்கொரு சொம்போடு. முன்னால் செல்வமேரி, பக்கத்தில் பஷீரா, பின்னால் தலை குனிந்து மரியபுஷ்பம்.

சேர்மனுக்கு முகமெல்லாம் பல். "அடடா! பூரண கும்பமா? தாய்க்குலத்தின் அன்பை என்னென்பது!" என்று குனிந்து கும்பிட்டார்.

கூட்டத்தில் சவரியார் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவது தெரிந்தது. அதைப் பார்த்ததும் செல்வமேரிக்கு இருந்த கொஞ்ச பயமும் எங்கோ ஓடிப்போயிற்று.

"கும்பம் இல்லீங்க சாமி. கக்கூஸ் சொம்பு."

மேளம் நின்றது. ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பியது. ஆனால் ஒவ்வொருவனும் எதிரே சொம்போடு நிற்கிற தன் பெண்டாட்டியை, தாயை, தங்கச்சியைப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே செத்தது.

"இது காலி எடம் இல்லீங்க. நாங்க தெனமும் வந்து போற எடம். பார்க்கு கட்டுங்க, வேண்டாங்கலே. அதுக்கு முன்னால கதவு வெச்ச கக்கூஸ் கட்டுங்க. ஆள் வெச்சு அள்ளற எடுப்புக் கக்கூஸ் வேண்டாம். இன்னொருத்தி தலையில கூடை ஏத்தறதுக்கு நாங்க கேக்கலே. தண்ணி ஊத்துனாப் போற மாதிரி வேணும்."

"நல்ல காரியம் நடக்கும் இடத்தில் இதென்னம்மா பேச்சு? சபையில் வந்து முறையாகச் சொல்லலாமே?" என்றார் சேர்மன்.

"சொன்னமுங்க. பெஞ்சு குடுத்தீங்க."

சேர்மன் கரணையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். செல்வமேரி மகள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையில் அவளே நின்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்திருந்தாள். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

"எங்களுக்கு நேரமாச்சுங்க. எல்லாரும் அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க."

முதலில் மேளக்காரர் திரும்பினார். பிறகு சவரியார். பிறகு உபதேசியார், குமாஸ்தா, கமிஷனர், ரேடியோவுக்குச் சண்டை பிடித்த அத்தனை பேரும். கடைசியாகச் சேர்மன் மாலையோடு திரும்பினார். பெண்கள் நிமிர்ந்த தலையோடு அவர்கள் முதுகுகளைத் தாண்டி முள்ளுக்குள் போனார்கள்.

"யோவ், எழுதிக்கய்யா. பெஞ்சு வேண்டாம்" என்று சேர்மன் தெருவைப் பார்த்தபடியே முணுமுணுத்தார்.

"பெஞ்சுக்குப் பதிலா என்னன்னு எழுதறதுங்க?" என்று கேட்டான் குமாஸ்தா.

சேர்மன் தொண்டையைச் செருமினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "கக்கூஸ்" என்றார், வாய்க்குள்ளேயே.

முள்ளுக்குப் பின்னாலிருந்து செல்வமேரியின் குரல் கேட்டது.

"சத்தமாச் சொல்லுங்க சாமி! இங்க கேக்கலே!"