யாரும் வாங்காத பதக்கம்

கனடாவின் மாங்டன் ஊர்ப் பழைய சிப்பாய்கள் மன்றத்தில், குளிர்காயும் கணப்பை ஒட்டிய நாற்காலி எனக்குத்தான். அங்கே இருப்பதிலேயே உயர்ந்த வீரப் பதக்கம் வைத்திருப்பவன் உட்காரும் இடம் அது. என்னுடையது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ராஜா கொடுத்தது.

நேற்றுத் தொலைக்காட்சியில் சொன்னார்கள்: கனடா தன் பேரிலேயே ஓர் உச்ச வீரப் பதக்கம் உண்டாக்கிவிட்டதாம். மன்றத்து நண்பன், பிரெஞ்சுக்காரன் எமீல், உடனே என் நாற்காலியைப் பிடித்தான்.

"எந்திரிடா லார்ன். உன்னோடது இரவல் சட்டை. இது இனிமே நம்ம ஊர்ப் பதக்கம் வாங்கறவனுக்கு."

"எவன் வாங்கிருக்கான்?"

"இன்னும் யாருமில்ல."

"அதுல எழுத்து இங்கிலீஷா, உங்க பிரெஞ்சா?"

"லத்தீன். ஒருத்தனுக்கும் புரியாது, அதனால ஒருத்தனுக்கும் கோவமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து வாசலோரம் போய் உட்கார்ந்தேன். அங்கே குளிர் காலைக் கடித்தது. யாருமே உட்காராத அந்த நாற்காலியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

"என் பேரன் போஸ்னியாவுல அமைதிப்படையிலதான இருக்கான்," என்றான் எமீல். "பாத்துட்டே இரு, அவன் வாங்கிட்டு வந்து உக்காருவான்."

"அந்த மாதிரி உச்சப் பதக்கமெல்லாம் செத்தவனுக்குத்தான்டா குடுப்பாங்க," என்றேன்.

எமீல் அந்த நாற்காலியை வாசல்வரை இழுத்துவந்து என் முன்னால் வைத்தான்.

"நீயே உக்காருடா லார்ன். என்னைக்கும் இது உனக்கே இருக்கட்டும்."