வண்டியில் ஏறாமல் முக்கொம்பு வரை

நடக்க எனக்குச் சிரமம் இருக்கவில்லை. திருச்சியில் என்னை யாரும் நடக்க விடவில்லை, அதுதான் சிரமம்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்புவேன். சத்திரம் பேருந்து நிலையம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம் வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது திட்டம். பாலத்தின் மேல் கொஞ்ச நேரமாவது பேச்சில்லாமல், தண்ணீரையோ மணலையோ பார்த்தபடி நடக்கக் கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன். பகல் முழுக்கக் கடையில் பக்கெட்டையும் குடத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவனுக்கு அந்த மௌனம் பெரிய விஷயம். ஆனால் பாலம் முடிவதற்குள் ஏதாவது ஒரு வண்டி பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

"என்ன நஸ்ருல்லா பாய், வண்டி ரிப்பேரா?"

"இல்லங்க, சும்மா நடக்கிறேன்."

"சும்மா எதுக்கு நடக்கிறீங்க? ஏறுங்க."

மறுத்துப் பார்த்திருக்கிறேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஒருமுறை அருள்ராஜிடம் சொன்னேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் பதறிப்போய், "டாக்டரைப் பாக்குற அளவுக்கு ஆயிடுச்சா? அப்ப நீங்க நடக்கவே கூடாது" என்று, வேலைக்குப் போகிற அவசரத்திலும் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

எல்லாம் என்னைப் பெற்ற அத்தாவால் வந்தது. ஜெகபர் சாதிக் என்று பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். பக்கெட் கடை பாய் என்றால் முக்கொம்பு வரை தெரியும். மொபெட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரை ஊர்க் கடைகளுக்குச் சரக்குப் போடுவார். வழியில் யார் நடந்து போனாலும் நிறுத்திவிடுவார். குடங்களுக்கு நடுவில் எப்படியோ ஓர் ஆளுக்கு இடம் செய்து, மடியில் ஒரு பக்கெட்டையும் கொடுத்து, "இதைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க, விழ மாட்டீங்க" என்பார். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டால் எப்படி விழாமல் இருக்க முடியும் என்று யாரும் கேட்டதில்லை. அப்படி உட்கார்ந்து போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் இப்போது எனக்காக பிரேக் போடுகிறார்கள். அவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசிக் காலத்தில் அத்தாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸுக்கு ஓர் அறக்கட்டளையின் வேன் வந்து அழைத்துப் போய்க் கொண்டுவந்து விட்டது. ஒவ்வொரு முறையும் டிரைவரைப் பார்த்து, "உங்களுக்குத்தான் சிரமம்" என்பார். ஏற்றிக்கொண்டு போயே பழகியவருக்கு ஏறி உட்காரத் தெரியவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நடந்து போகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவார். போன வருடம் மௌத்தானார்.

அந்த அறக்கட்டளையிடம் இருப்பது ஒரே வேன். இன்னொன்று வாங்க நிதி சேர்ப்பதற்காக ஒரு நடைப்பயணம் அறிவித்தார்கள். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை, ஒரே நாளில். தாயையோ தகப்பனையோ நினைத்து நடக்கிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தேன். அதற்குப் பழகத்தான் காலையில் நடக்கத் தொடங்கியிருந்தேன். முழுத் தூரம் முடியாதவர்கள் ஸ்ரீரங்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு சலுகையும் இருந்தது. எனக்கு அது வேண்டாம். முக்கொம்பு சாலை அத்தாவின் சாலை. அதை விட்டுவிட்டுப் பாதியில் சேர்வது, ஜனாஸா ஊர்வலத்தில் பாதி வழியில் வந்து சேர்வதைப் போலப் பட்டது.

"இன்னைக்கு யார் வண்டி?" என்றாள் என் மனைவி அனிஷா. நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"நவ்ஷாத்."

"எங்கேர்ந்து?"

"மாம்பழச்சாலை."

"அப்ப அங்கேர்ந்து வீடு வரைக்கும் பைக்குல நடந்திருக்கீங்க."

"அவன் கேட்டா என்ன சொல்றது?"

"முடியாதுன்னு சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் நல்லா சொல்றீங்கல்ல."

நடப்பவர்களுக்குப் பொறுப்பு ஆனந்தவள்ளி டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கத்துக்காரர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து முக்கொம்பு வரை எந்த வண்டியிலும் ஏறாமல் நடந்து காட்டுகிறவர்களுக்குத்தான் முழுத் தூரம் என்று சொல்லிவிட்டார். வெயிலில் யாரும் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை.

அப்படி நடந்து காட்ட வைத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து கிளம்பினோம். நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். குடமுருட்டி தாண்டி, கரூர் சாலையில் வாழைத் தோட்டங்கள் தொடங்கியதும் மனசு அடங்கிவந்தது. அல்லூரில், குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று முன்னால் போய், ரிவர்ஸில் வந்து நின்றது.

"பக்கெட் பாய் மகன்தானே?" ஓட்டி வந்தவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். "நான் மூக்கன். காந்தி மார்க்கெட்ல வாழைத்தார் இறக்கிட்டு வரேன். ஏறுங்க தம்பி."

"இல்லங்கய்யா, நடந்துதான்..."

"எம் பொண்டாட்டி இருளாயியப் பெரியாஸ்பத்திரியிலேர்ந்து பச்சைப் புள்ளையோட கூட்டியாந்து வீட்ல விட்டாரு உங்க அத்தா. மழை. புள்ள நனையாம பக்கெட்டைக் கவுத்துப் பிடிச்சுக்கிட்டு வந்தா. அன்னிக்கு நாங்க வேணாம்னா சொன்னோம்?"

அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஏறிவிட்டேன்.

முக்கொம்பு பூங்கா வாசலில் ஆனந்தவள்ளி டீச்சர் முன்னாலேயே பேருந்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். மூக்கன் வற்புறுத்திக் கொடுத்த ஒரு சீப்பு பூவன் பழத்துடன் நான் வண்டியிலிருந்து இறங்கினேன். மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

"முதல் ஆளா வந்துட்டீங்க சார்," என்றார் டீச்சர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு பழத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறு இன்னொரு வாட்டி பாருங்க. அப்பவும் ஏறினீங்கன்னா, ஸ்ரீரங்கத்துல தண்ணீர் கொடுக்குற இடத்துல உங்களைப் போட்டுடுவேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன். அன்போடு வருகிறவரிடம் ஏன் மறுப்பு வருவதில்லை? அத்தாவுக்குச் சேர வேண்டிய நன்றியை நான் வாங்கிக்கொண்டு கால் வலிக்காமல் போகிறேன் என்றும் தோன்றியது. அவர்களுக்கோ திருப்பித் தர வேறு ஆள் கிடையாது. நான் மறுத்தால் அவர்கள் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? பதில் கிடைக்காமலே அடுத்த ஞாயிறு வந்தது.

அதே அல்லூர். அதே குட்டியானை.

"ஏறுங்க தம்பி."

"இன்னைக்கு முடியாதுங்கய்யா."

"போன வாரம் ஏறினீங்க. இந்த வாரம் என்ன, வண்டியில வாழை நாத்தம் அடிச்சுதா?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்ல." நின்று முழுவதையும் சொன்னேன். டயாலிசிஸ், வேன், கல்லணை வரை நடப்பது, ஏறினால் என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்பது. மூக்கன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப நான் என்னதான் செய்யிறது?" என்றார். உண்மையாகவே கேட்டார். கோபம் இல்லை.

அவர் முகத்தைப் பார்த்ததும், ஒரு வாரமாக யோசித்தும் வராதது வாயில் வந்துவிட்டது. "இறங்கி எங்கூட வாங்களேன். கொஞ்ச தூரம்."

அவர் என்னைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். வண்டியை டீக்கடை ஓரமாக விட்டு, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"கொஞ்ச தூரம்தான். எனக்கு நடந்து பழக்கமில்ல," என்றார்.

போன மாதக் காற்றில் எத்தனை மரம் சாய்ந்தது, மார்க்கெட்டில் யார் யாரோடு சண்டை, மழைக்குள் வந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு பெண் குழந்தை என்று பேசிக்கொண்டே வந்தார். ஜீயபுரத்தில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. எதிரே பைக்கில் வந்த அவருடைய மருமகன் திரும்பிப் பக்கத்தில் வந்தார்.

"மாமா, வண்டி எங்க? ஏன் நடக்கிறீங்க? ஏறுங்க."

"இல்ல மாப்ள. சும்மாதான். நீங்க போங்க."

"சும்மாவா?"

மூக்கன் அசடு வழிந்தார். இத்தனை வாரமாக என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. மருமகன் பைக்கில் போகும்போதும் இரண்டு முறை எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு மூக்கன் பேசவில்லை. நானும் பேசவில்லை. வாய்க்கால் கூடவே வந்தது. லாரிகள் போனபோது இருவரும் ஒதுங்கினோம், பிறகு மறுபடி சேர்ந்துகொண்டோம். பாலத்தின் மேல் நான் தேடிய மௌனம் இங்கே கிடைத்தது. பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தும் அது கலையவில்லை. குதிகால் எரிந்தது. அத்தாவை நினைக்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

பூங்கா வாசலில் ஆனந்தவள்ளி டீச்சர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுலயும் ஏறலையே?"

"இல்ல டீச்சர்."

"ஏத்தத்தான் பாத்தேன்," என்றார் மூக்கன். "முடியலீங்க."

டீச்சர் என் தோளைத் தட்டினார். "முழுத் தூரம் வாங்க சார்," என்றவர், மூக்கன் பக்கம் திரும்பி, "நீங்க யாருக்காக நடக்கிறீங்க?" என்று கேட்டார்.

மூக்கன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். "இவரு அத்தாவுக்குத்தான். நான் நடக்கலாமில்ல?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மதகுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து இருவரும் காலை நீட்டிக்கொண்டோம். தண்ணீர் இறங்கும் சத்தம் பெரிதாக இருந்தது. பேருந்துக்கு நேரம் இருந்தது, அவசரப்படத் தோன்றவில்லை. மூக்கன் துண்டால் பாதத்தைத் துடைத்துக்கொண்டே, "கல்லணைக்கு நடக்கிற அன்னிக்கு முன்னாடியே எந்திரிச்சுக் காலுக்கு எண்ணெய் தடவிக்கணும்போல" என்றார்.