சட்டைக் கையில் வெள்ளைப் பொடி

சலவைக்கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கறை போலீஸ்’. வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து, இது காபி, இது மை, இது ரத்தம் என்று கண்டு சீட்டுக் குத்துவது அவள் வேலை. ஊரார் அழுக்கை அளந்த அந்தக் கண், இன்று தன் வீட்டுச் சட்டையின் மீதே பாய்ந்தது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் படிந்திருக்க வேண்டிய சட்டையின் வலக்கை ஓரத்தில் வெள்ளைப் பொடி. போன வாரமும் அதே பொடி, அதே தாமதம்.

“முகப் பவுடரா இருக்கலாம்க்கா,” என்றாள் இஸ்திரி போடுபவள்.

“என்னடி இருக்கலாம்? அதேதான். எத்தனை பேர் சட்டையைப் பார்த்திருக்கேன்.”

“மாமாவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏதுக்கா?”

கேலி அவள் காதில் ஏறவில்லை. சாட்சியை அழைக்காமல், குற்றம் சாட்டப்பட்டவனைக் கேட்காமல், தீர்ப்பை மட்டும் எழுதி முடிக்கும் கொடுங்கோல் நீதிபதிதான் சந்தேகம். அது அவள் நெஞ்சில் நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டது.

அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதென்று பையைக் கட்டினாள். அதற்குமுன் கையும் களவுமாகப் பிடித்து, முகத்துக்கு நேரே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். மாலையில் வேலை முடிந்து வெளியே வந்தவனைப் பையோடு பின்தொடர்ந்தாள். மருந்துக்கடைக்கு மேல் ஒரு மாடியறை. உள்ளே பெண்ணின் சிரிப்பு. கதவைத் தள்ளினாள்.

பெஞ்சுகளில் களைத்த முகங்கள். கரும்பலகை முன் கணவன், கையில் சாக்பீஸ். எழுதிய எழுத்தையே அவன் சட்டைக் கை உரசி அழித்துக்கொண்டிருந்தது.

“இங்கிலீஷ் கிளாஸா? ஏன் சொல்லல?”

“சூப்பர்வைசர் இன்டர்வியூ வருது,” என்றான் தரையைப் பார்த்து. “‘லிஃப்ட்டை விட உங்க இங்கிலீஷ்தான் அடிக்கடி பாதியில நிக்குது’ன்னு உங்க அண்ணன் முன்னாடி சிரிச்சியே.”



“நல்ல நேரத்துல வந்தீங்க,” என்றார் ஒன்றும் அறியாத ஆசிரியை. “பார்த்ததை வச்சு ஊகிக்கிறதுதான் இன்னைக்குப் பாடம். நிச்சயம்னா ‘மஸ்ட் பி’, இருக்கலாம்னா ‘மைட் பி’. சார், உங்க வீட்டம்மாவைப் பார்த்து ஒண்ணு சொல்லுங்க.”

பார்த்தான். அழுது சிவந்த கண். புடைத்த பை. அதன் பக்க அறையில் நீட்டிக்கொண்டிருந்த பல் துலக்கும் பிரஷ். அவள் சட்டென்று உள்ளங்கையால் அதை மூடினாள், மூடியதே வாக்குமூலமாயிற்று.

“ஷி...” வகுப்பு காத்திருந்தது. “ஷி மைட் பி டயர்ட்.”

“களைச்சுப் போயிருக்கலாம். சரியாச் சொன்னீங்க,” என்றார் ஆசிரியை.

பெஞ்சில் வந்து அமர்ந்தவன், குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “அண்ணன் வீட்டுக்கா?”

“ஆமா.”

“இப்பவுமா?”

அவள் பையைக் காலடியில் தள்ளினாள். அவன் சட்டைக் கையைப் பிடித்துத் தட்டினாள். பொடி அவள் விரல்களிலும் ஒட்டிக்கொண்டது. அவன் கண்ணோ அந்தப் பிரஷ்ஷை விட்டு அகலவில்லை.