மேசையாய்ப் படுத்த கதவு

சிராங்கூன் ரோட்டில், எருமைகள் புரளும் குட்டைக்கு எதிரே குடியிருந்த ரயில் அலுவலகத்து அந்தோனிப்பிள்ளை வீட்டில் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாசற்கதவைத்தான் மேசையாகப் போட்டார்கள். சிங்கப்பூருக்கு ரயில் வந்து நாலைந்து வருஷமே ஆகியிருந்த காலம்.

கழற்றச் சொன்னவள் அவர் மனைவி பூரணம்.

"உங்கடை ரயில் கந்தோர் ஆக்கள் எட்டுப் பேர் வருகினம். எங்கடை மேசையிலை நாலு சோத்துப் பீங்கான்தான் கொள்ளும்."

"கதவில்லாட்டிக் கள்ளன் வருவானப்பா!"

"வந்தால் ஒன்பதாவது பீங்கானை அவனுக்கு வையுங்கோ."

ஒன்பதாவது பீங்கான் கள்ளனுக்கு அல்ல. அவள் அண்ணன் அம்பிகைபாகனுக்கு. ஆறு வருஷத்துக்கு முன், தங்கை கிறிஸ்து வேதக்காரனைக் கட்டிக்கொண்ட கோபத்தில், இதே கதவின் முன் நின்று அவர் சத்தியம் செய்திருந்தார்: "இந்தக் கதவைத் தட்டினால் என்ரை கை விளங்காமல் போகட்டும். தட்டாமல் திறந்தால் கால் விளங்காமல் போகட்டும்."

அவர் நில அளவைக்காரர். சங்கிலியில் ஓரங்குலம் பிசகினால் காடு முழுவதையும் மறுபடி அளப்பவர். சொன்ன சொல்லில் மட்டும் பிசகுவாரா? ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அந்தியிலும் எதிர்ச்சாரி விளக்குக் கம்பத்தடியில் வந்து நிற்பார். கதவைப் பார்ப்பார். போய்விடுவார். உள்ளே அவருக்கென்று வைத்த மரக்கறிச் சோறு ஆறிப்போகும்.

கதவே இல்லாவிட்டால்? அதைப் பற்றி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையே என்று இந்த வருஷந்தான் பூரணத்துக்குத் தோன்றியது.

இரண்டு சாமான் பெட்டிகளின் மேல் கதவைக் கிடத்தி வெள்ளை விரிப்பைப் போட்டாள். படுத்தாலும் கதவு கதவுதானே? சாவித் துவாரத்தின் வழியே கீழிருந்து கடற்காற்று வந்தது. விரிப்பு கப்பற்பாய்போல உப்பிற்று. அமுக்கி வைப்போம் என்று ஆட்டிறைச்சிக் கறிச்சட்டியை நடுவில் வைத்தாள். சட்டி ஒரு சாண் மிதந்து, யோசித்து, இறங்கியது.

வெறும் நிலைவழியே தெரு உள்ளே வரத் தொடங்கியது. முதலில் மழைப்புகை, பிறகு சாத்தே இறைச்சி சுடும் வாசனை, அதன் பின்னால் ஓர் எருமை. அது பீங்கான்களை எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தனக்கு இல்லை என்று தெரிந்ததும் மரியாதையாகப் பின்னோக்கி நடந்து போனது. கந்தோர்க்காரர் எட்டுப் பேரும் இதைப் பார்த்தார்கள். அவர்களில் இருவர் பொய்யே சொல்லாதவர்கள்.

எருமை விலகிய இடத்தில் அம்பிகைபாகன் நின்றார். நிலையை மேலும் கீழும் பார்த்தார். கீல் இருந்த துளைகளைத் தடவினார்.

"பூரணம், கதவெங்கை?"

"கறிக்குக் கீழை, அண்ணை."

வலது காலை உள்ளே வைத்து ஓர் உதறு உதறிப் பார்த்தார். கால் விளங்கியது. ஒன்பதாவது பீங்கானின் முன் உட்கார்ந்து, இரண்டு தரம் மரக்கறிச் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மனம் குளிர்ந்துவிட்டது போலும்.

"நல்ல வயிரமான பலகை" என்று மேசையை இடக்கை விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார்.

எல்லார் கையும் அந்தரத்தில் நின்றது. சாவித் துவாரத்துக் காற்றுக்கூட நின்றது. அம்பிகைபாகன் தன் கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தினார். ஐந்தும் அசைந்தன.

ஆறு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைப் பூரணம் அப்போதுதான் கேட்டாள்.

"ஆரது? உள்ளுக்கு வாங்கோ."

"வந்திட்டன், பிள்ளை" என்று அண்ணன் பீங்கானை நீட்டினார்.