கொசுப்புழுவுக்குப் பதினான்கு முடி

என் அண்ணன் வைத்தியர். நாடி பிடிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் பித்தளை நுண்ணோக்கியில் ஒற்றைக் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது அந்தக் கருவி ஊருக்கே ஒன்றுதான். குட்டைத் தண்ணீர்ப் பூச்சிகளை அவர் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் வரைவேன். அச்சான படத்தின் அடியில் 'கண்டவர்: வைத்தியர்' என்று மட்டும் இருக்கும். வரைந்த கைக்குப் பெயர் கிடையாது.

கொசுப்புழுப் படத்திலாவது என் பெயரைப் போட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"சரி, போடறேன். ஆனா வால் பக்கத்துல வளைஞ்சு நிக்குதே பதினாலு முடி, அதை விட்டுடாதே. உலகத்துல யாரும் பார்க்காதது!"

என் பெயர் வருவதென்றால் நானே பார்க்க வேண்டாமா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். புழு இருந்தது, வால் இருந்தது, அது மூச்சு விடும் குழல்கூட இருந்தது. அண்ணன் சொன்ன அந்த வளைந்த முடி மட்டும் இல்லை.

"இல்லியே அண்ணா."

"உனக்குப் பார்க்கத் தெரியல. பதினாலையும் போட்டா உன் பேரு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன். படம் நாளைக்குப் பண்டிதர் சபைக்குப் போகணும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேருக்காக இல்லாத முடியை நட்டுவைப்பதா? நட்டுவிட்டால்தான் என்ன என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன்.

சண்டைச் சத்தம் கேட்டு வந்த அண்ணி, தானும் குனிந்து பார்த்தார்.

"முடி இருக்கே! ஆனா பதினாலா? இருபதுக்கு மேல இருக்கும். நல்லா கருகருன்னு."

மலர்ந்த அண்ணன் முகம் உடனே சுருங்கியது. "கருப்பா? எனக்கு நரைச்சதால்ல தெரிஞ்சுது?"

நான் அண்ணனின் நரைத்த இமை முடியைப் பார்த்தேன். அண்ணியின் அடர்ந்த இமையைப் பார்த்தேன். போன வாரம் அடுப்பு ஊதப்போய்ப் பொசுங்கிய என் இமையைத் தடவினேன். மொட்டை.

"அண்ணா, புழுவை எடுத்துட்டுப் பாரு."

எடுத்துவிட்டு வெறும் கண்ணாடியைப் பார்த்தார். பதினான்கும் அங்கேயே இருந்தன. கண்ணைச் சிமிட்டினார். அவையும் கூடவே ஆடின.

அண்ணி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "யாரும் பார்க்காததுதான்! உங்க இமையை வேற யாருங்க பார்க்கப் போறாங்க?"

"நாளைக்கு மானம் கப்பலேறியிருக்கும்" என்று முனகிய அண்ணன், பேனாவை எடுத்தார். படத்தின் அடியில் 'கண்டவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்.

"வரைஞ்சவர்னுதானே அண்ணா கேட்டேன்?"

"அதையும் போடறேன். இல்லாததை இல்லேன்னு பார்த்தது நீதான்."

இமை முடி இல்லாத கண்ணில் கண்ணீர் நிற்காது போலிருக்கிறது. படத்தின் மேல் சொட்டிவிடாமல் தள்ளி நின்றுகொண்டேன்.